சரகோசாவுக்குச் சொன்ன ‘ஆமாம்’

...அவள் பெயரேதான், வேம்பு என்று இங்கிலீஷ் எழுத்தில், முன்னால் செல்வி என்பதற்கு அவர்கள் சொல்கிற செஞொரீத்தாவைச் சுருக்கிப் போட்டு, பின்னால் அப்பாவின் முதலெழுத்தையும் விடாமல் சேர்த்து, இந்த ஆபீசில் வேறு வேம்பு கிடையாது, வலங்கைமான் முழுக்கத் தேடினாலும் ஸ்பானிஷ் பேசுகிற வேம்பு இன்னொருத்தி அகப்படமாட்டாள், ஆக இந்தத் தாளில் இருக்கிறவள் அவள்தான், ‘செஞொரீத்தா வேம்பு தொலைபேசியில் உறுதி செய்தபடி, ஏழாம் பகுதியின் நில உரிமையாளர்கள் அனைவருக்கும் சம்மதம்’... அனைவருக்கும், தொதோஸ், அந்தச் சொல்லைச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, சொல்லும்போது உச்சரிப்பு நன்றாக விழுந்ததென்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் சம்மதம் என்று எங்கே சொன்னாள், எப்போது சொன்னாள், யாருடைய சம்மதத்தை யார் சொல்வது... வலது கையில் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள். இடது கையால் தாளைப் பிடித்தபடி மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றாள். தாளின் மூலையில் குத்தியிருந்த பின் கோணலாக இருந்தது, அதையே பார்த்தாள், அதை நேராக்கிவிட்டால் மற்றதெல்லாம் நேராகிவிடும்போல.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்வரை இது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. மணி இரண்டு, டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டிருப்பாள், செல்போன் அடித்தது, காத்தாயி சித்தி. ஊரில் அவர்கள் வயலுக்கு அடுத்த வயல்காரி, அம்மா போனபிறகு வேம்புவுக்கு ஊர்ச்செய்தி சொல்கிறவள், எப்போதும் மெதுவாகத் தொடங்குகிறவள் இன்று எடுத்த எடுப்பிலேயே கத்தினாள், “ஏய் வேம்பு, மிஷினு வந்துருச்சுடி, உங்க வயல்லதான் மொதல்ல எறக்கிட்டானுவோ, உங்கப்பா மொதல்ல குறுக்க படுத்தாரு, அவரோட படுத்த அத்தன பேரையும் போலீசு வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க, நீ அந்த ஆபீசுலதானே இருக்க, என்னன்னு கேளுடி...” பின்னால் மிஷின் இரைந்தது, யாரோ ஒரு பெண் சாபமிட்டுத் திட்டுவது கேட்டது. என்ன மிஷின், எந்த வயல், நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பா, களை எடுக்க வெள்ளிக்கிழமை ஆள் சொல்லியிருக்கிறார் அப்பா, அந்த வயலிலா... இந்த ஸ்பெயின் கம்பெனி குழாய் பதிக்கிற வேலை ஊருக்கு வெளியேதான் நிற்கிறது, ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளாதவரை உள்ளே வராது என்று கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தையில் சொன்னார்களே, அதை நம்பித்தானே நட்டார்கள். ஓடினாள். மேனேஜர் இராஜாங்கம் கோப்பைத் திறந்தார், இந்தத் தாளை உருவி நீட்டினார். முன்பே உருவத் தயாராக வைத்திருந்தவர் மாதிரி.

தேதி செப்டம்பர் பதினான்கு. வியாழக்கிழமை. அன்று மழை, மாடியிலிருக்கிற இந்த ஆபீசின் தகரக் கூரையில் கொட்டிய மழை, போன் மணியே முதலில் கேட்கவில்லை. நியெவெஸ்தான் பேசினாள், ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரிலுள்ள தலைமை ஆபீசில் காகிதங்களைப் பார்க்கிறவள், இவள் முகம் பார்த்திராத, குரலை மட்டும் எட்டு மாதமாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிற நியெவெஸ். அந்தப் பெயருக்குப் பனி என்று அர்த்தம். ஆனால் பேச்சு மட்டும் மடை திறந்தாற்போல. அன்று நீளமாக ஏதோ கேட்டாள், அதில் அவர்கள் வயல் இருக்கிற ஏழாம் பகுதி என்பது விளங்கியது, நிலத்துக்காரர்கள் என்பது விளங்கியது, எல்லோருமா என்பது விளங்கியது, நடுவில் ஒரு சொல், ஃபோர்ம் என்று நடுவே வந்த சொல், மழை அதன் தலையைத் தின்றுவிட்டது... இன்ஃபொர்மாதோஸ் என்று இவள் வைத்துக்கொண்டாள். தகவல் தெரிவிக்கப்பட்டதா. எல்லோருக்கும் தகவல் போயிற்றா. போயிற்றுதான், நோட்டீசை இவளே தபாலில் அனுப்பினாள், அப்பா அதை வாங்கி நாலாய் மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்ததை இவளே பார்த்தாள். ஆகவே சொன்னாள், ஸி, ஸி, க்ளாரோ, தொதோஸ். ஆமாம், ஆமாம், சந்தேகமென்ன, எல்லோரும். தாளில் இருக்கிற சொல் இன்ஃபொர்மாதோஸ் இல்லை. கொன்ஃபோர்மெஸ். ஒப்புதலா, உடன்பாடா. கேட்கும்போது ஒரே மாதிரிதான் இருந்தன, இப்போது தாளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கின்றன, ஒன்று காகிதம் வந்தது என்கிறது, இன்னொன்று மிஷினை இறக்கு என்கிறது.

“சார்... நோட்டீசு கெடச்சிருச்சான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன் சார்.” என்றாள் வேம்பு. இராஜாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், கும்பகோணத்துக்காரர், யாரிடமும் சத்தம் போடாதவர், “அது உனக்கும் அவங்களுக்கும் நடந்த பேச்சும்மா. எனக்கு ஸ்பானிஷ் தெரியுமா? நீ படிச்ச பொண்ணு, அந்த ஊர்ப் பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டாங்க” என்றார். மிஷினை நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். “நான் எப்படிம்மா நிறுத்துறது, ஆர்டர் அங்கேருந்து வந்தது, நிறுத்துறதுன்னாலும் அங்கேருந்துதான் வரணும். ஒண்ணு பண்ணு, பதட்டப்படாம ஒரு மெயில் எழுதிப் போடு. நாளைக்குப் பாப்பாங்க.” நாளைக்கு. நாளைக்கு அங்கே பார்ப்பதற்குள் மிஷின் ஏழாம் பகுதியைத் தாண்டி எட்டாம் பகுதிக்குப் போயிருக்கும். சரி சார் என்று தலையாட்டித் திரும்பினாள். திரும்பியபிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரிந்தது.

மெயில் என்றால் அவளுக்குப் பயமில்லை. எழுதுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை திருத்தலாம், அகராதியைப் பார்க்கலாம், வினைச்சொல்லின் வால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நிதானமாக யோசிக்கலாம். சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஸ்பானிஷில் மெயில் எழுதுகிற வேலைதான் பார்த்தாள், அதற்காகவே ஆறு மாதம் சாயங்கால வகுப்பில் படிக்க வைத்தார்கள், ஞ என்கிற எழுத்து நம்மிடம் சும்மா கிடக்கிறதே, அந்த மொழியில் அதற்குத் தலையில் ஒரு கோடு போட்டு எவ்வளவு மரியாதை என்று வியந்தாள், ஒற்றை ர, அழுத்தி உருட்டும் ற எல்லாம் வகுப்பில் மற்றவர்களுக்கு நாக்கு சுளுக்க, இவளுக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. போன்தான் வரவில்லை. போனில் முகம் இல்லை, உதடு இல்லை, கை இல்லை, சொல் முடிவதற்குள் அடுத்த சொல் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது, எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் எதிர்முனை பதிலுக்குக் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பு, அந்த ஒரு விநாடி வெறுமை, அதைத்தான் அவளால் தாங்க முடிந்ததே இல்லை. அம்மா செத்து, அப்பா தனியாக இருக்கிறாரென்று ஊருக்குத் திரும்பி, இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் மணி அடித்தபோது போனை எடுத்து ‘திகமே’ என்றாள், அந்த நாட்டில் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்லவேண்டுமாம், அர்த்தம் பார்த்தால் ‘சொல்லுங்க’, அடடே நம்மூர் மாதிரியேதான் என்று சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு ஒரு விநாடிதான். அதற்கப்புறம் வந்த வெள்ளத்தில் பிடிக்கக் கிடைத்த ஒரே கிளை, ஸி. ஆமாம். அதைச் சொன்னால் எதிர்முனை தொடர்ந்து பேசியது, சந்தோஷமாகப் பேசியது, இரண்டு தடவை சொன்னால் இன்னும் சந்தோஷம், பின்னால் ஒரு க்ளாரோ சேர்த்தால் நியெவெஸ் சிரிக்கவே செய்தாள், “உன் ஸ்பானிஷ் அழகு வேம்பு” என்றாள். திரும்பச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், புரியவில்லை என்கிற மூன்று வாக்கியங்களையும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது அந்தப் பக்கத்தைப் பார்த்துப் படித்தாளா?

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்காது என்றுதான் பயந்தாள். அந்தக் கம்பெனியை எதிர்த்து ஊர் சங்கம் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்தே மருதையன் என்றுதான் இருக்கிறது, அவர் பெண் அதே கம்பெனியில் போய் உட்காருவதா... ஆனால் அவர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொன்னார், “போ. நம்மாளு ஒருத்தர் உள்ள இருந்தா நல்லதுதான். அவனுவோ என்ன பேசிக்கிறானுவோன்னு நமக்குத் தெரியும்ல.” சங்கத்தில் எழுந்து நின்று அதையே சொன்னாராம், எம் பொண்ணு அவங்க பாஷையிலேயே கேட்டு வந்து சொல்லும் என்று, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாகக் காத்தாயி சித்தி நடித்துக் காட்டினாள். காதாக இருக்கத்தான் அனுப்பினார்கள். அவள் வாயாக இருந்திருக்கிறாள். அந்த மூன்று மா, ஒரே ஒரு ஏக்கர், பண்ணை ஒன்றின் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலமென்று அரசாங்கம் எடுத்துக் கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததில் வந்தது. அதுவும் சும்மா வந்ததா, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்காகத் தாத்தாவை மரத்தில் கட்டி வைத்த பண்ணை அது. நிலம் கைக்கு வந்தும் பட்டா வரப் பத்தொன்பது வருஷம், ஒவ்வொரு ஜமாபந்திக்கும் அப்பா மனுவை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவார், ஆட்சி மாறும், சுவரில் சின்னம் மாறும், தாசில்தார் மாறுவார், அடுத்த வருஷம் வா என்பது மட்டும் மாறாது, கடைசியில் பட்டா வந்த அன்று அவர் குடிக்கவில்லை, சாப்பிடவில்லை, வயலில் போய் வரப்பில் உட்கார்ந்து தன் பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தார், இரண்டாம் வகுப்பு படித்த மனுஷன், மருதையன் என்ற ஐந்து எழுத்தை... பத்தொன்பது வருஷம் கேட்டு வாங்கியதை ஒரு வியாழக்கிழமை மழையில் இரண்டு எழுத்தில் கொடுத்துவிட்டாளா? இரண்டுகூட இல்லை, தமிழில் எழுதினால் ஸி, ஒரே எழுத்து.

தன் மேசைக்கு வந்துவிட்டாள், எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. போன் எதிரே இருந்தது. அவள் இதுவரை எடுத்திருக்கிறாளே தவிர இதிலிருந்து சரகோசாவுக்குப் போட்டதில்லை, எடுப்பது ஒரு பயம் என்றால் போடுவது வேறு பயம், எடுத்தால் எதிராளி வழி காட்டுவார் பின்னாலேயே போகலாம், போட்டால் முதல் வாக்கியம் நம்முடையது. அங்கே இப்போது காலை பதினொன்றாகப் போகிறது, நியெவெஸ் காபி குடிக்கப் போயிருந்தால்? எடுத்தால் என்ன சொல்வது, நான் தவறு செய்துவிட்டேன் என்பதற்கு ஒரு வினைச்சொல் உண்டு, எக்கிவொக்கார்செ, அதன் இறந்தகாலம் மெ எக்கிவொக்கே, வகுப்பில் அதற்கு மட்டும் முழு மதிப்பெண் வாங்கினாள், நிஜமாகவே தவறு செய்து அதைச் சொல்ல வேண்டி வருமென்று யார் கண்டது. எண்ணை இடது கையால் அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாய்ப் போனது. மூன்றாவது தடவை அந்த நாட்டு மணி, நம்மூர் போல இரண்டிரண்டாக அடிக்காமல் ஒவ்வொன்றாக, நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் அடித்தது.

“திகமே.” நியெவெஸ்தான். வேம்பு வாயைத் திறந்தாள், எதுவும் வரவில்லை, ஒரு விநாடி, இரண்டு விநாடி, அந்த வெறுமை, இப்போது அது இவளுடையது, நிரப்ப வேண்டியதும் இவள்தான். சுற்றி வளைத்து வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கிற வாக்கியங்களெல்லாம் எங்கோ போய்விட்டன, நோ என்றாள். வெறும் நோ. எதிர்முனை என்ன என்றது. “நோ. நோ எஸ்தான் கொன்ஃபோர்மெஸ். நதியே.” இல்லை, சம்மதமில்லை, ஒருவருக்கும். அப்புறம் மூட்டை அவிழ்ந்தாற்போல வந்தது, இலக்கணம் உடைந்து, பால் மாறி, காலம் மாறி, நான் வேம்பு, நான் தப்பாகக் கேட்டேன், மெ எக்கிவொக்கே, மழை, போன், நான் தகவல் என்று நினைத்தேன், நீங்கள் சம்மதம் என்று கேட்டீர்கள், மிஷினை நிறுத்த வேண்டும், ஆய் கெ பரார் லா மாகினா, இப்போது, அஓரா, அங்கே நெல் இருக்கிறது, சின்ன நெல், என் அப்பாவைப் போலீஸ்... போலீசுக்கு ஸ்பானிஷில் என்ன என்று தேட வேண்டியிருக்கவில்லை, அங்கேயும் பொலிஸீயாதான். நியெவெஸ் வேகமாக ஏதோ கேட்டாள். ஸி என்று சொல்ல எழுந்த நாக்கை வேம்பு பற்களால் பிடித்துக்கொண்டாள். நோ எந்தியெந்தோ, எனக்குப் புரியவில்லை, மெதுவாக, தயவுசெய்து மெதுவாக. எட்டு மாதத்தில் முதல் தடவை. எதிர்முனை நின்றது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி, நியெவெஸ் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, விளங்காமலேயே இருந்திருக்கலாம். ஆனால் வேம்பு, நீ ஒரு நிலத்துக்காரரின் மகள் அல்லவா. உங்கள் மேனேஜர் இராஜாங்கம் எழுதியிருந்தாரே. ஊர்க்காரர்கள் சார்பில் நீ பேசுவாய், கேள்வியை உன்னிடமே போனில் கேளுங்கள், உன் பதிலே போதும் என்று. அதனால்தானே நான் உன்னிடம் கேட்டேன். இல்லாவிட்டால் இதை ஒரு ஆபீஸ் பெண்ணிடம் ஏன் கேட்கப் போகிறேன்.

சுவர் அப்படியேதான் இருந்தது, காலண்டர், அதில் தேதி, மின்விசிறி, டப்பாவில் மீதிச் சோறு, அதன் மேல் ஒரு ஈ. அன்று வியாழக்கிழமை இராஜாங்கம் அவள் மேசை அருகே நின்றார். ஆமாம் நின்றார், மழை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார், அவள் பேசி முடித்து போனை வைத்ததும் “எல்லாம் சொல்லிட்டியாம்மா” என்றார், சொல்லிட்டேன் சார் என்றாள், “நல்ல பொண்ணு” என்றார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாக அவள் போனில் என்ன பேசுகிறாள் என்று அவருக்குப் புரியாவிட்டாலும் எந்தச் சொல்லை மட்டும் பேசுகிறாள் என்பது கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும், ஸி ஸி என்று இவள் சொல்வதை டீ கொண்டுவருகிறவர்கூட நடித்துக் காட்டுவாரே... நியெவெஸ் காத்திருக்கச் சொன்னாள், போனை வைத்துவிடாதே என்றாள், ஏதோ ஒரு பியானோ இசை ஓடியது, பிறகு திரும்பி வந்து எஞ்சினியரிடம் சொல்லிவிட்டேன், அவர் உங்கள் மேனேஜரிடம் இங்கிலீஷில் பேசுவார் என்றாள். இங்கிலீஷிலா. அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் இருக்கிறாரா? இருக்கிறார், எப்போதும் இருக்கிறார், பக்கத்து அறைதான் என்றாள் நியெவெஸ், இதில் என்ன ஆச்சரியம் என்கிற குரலில். சுவருக்கு அந்தப் பக்கம் இராஜாங்கத்தின் போன் அடித்தது. யெஸ் சார், யெஸ் சார் என்று அவர் குரல், நோ நோ சார், பிறகு கொஞ்சம் தாழ்ந்து, தி கேர்ள், ஹெர் லாங்வேஜ் இஸ் வெரி புவர் சார், யெஸ், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்... அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். ஒரு காதில் நியெவெஸ் மூச்சு விடுவது கேட்டது. லோ சியெந்தோ என்றாள் கடைசியில், வருந்துகிறேன். யாருக்காக என்று வேம்பு கேட்கவில்லை.

மூன்றேகாலுக்குக் காத்தாயி சித்தி கூப்பிட்டாள். “நின்னுருச்சுடி, மிஷினு நின்னுருச்சு, டிரைவரு எறங்கி பீடி குடிக்கிறான், என்னடி பண்ணுன, நீதானே பேசுன, எங்களுக்குத் தெரியும்...” எவ்வளவு போனது என்று கேட்டாள். “உங்க வயல்ல குறுக்கால ஒரு மா அளவுக்கு ஆழமா வெட்டிட்டான். வாய்க்கா ஒடஞ்சு தண்ணியெல்லாம் அதுக்குள்ள எறங்குது. எங்களுது தப்பிச்சுது. ஒண்ணும் நெனச்சுக்காத, நாத்து மிச்சம் இருக்கு, மறுபடி நட்டுக்கலாம்.” பின்னால் பெண்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டது, அவள் பெயரைச் சொல்லி யாரோ வாழ்க என்றார்கள், வேம்பு போனைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், அதற்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் சின்னதாக வந்துகொண்டிருந்தது. எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். சோறு காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண்ணாடியில் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது, நெற்றிப் பொட்டு, காதில் அம்மாவின் தோடு. இவள் யாருக்குப் பேசினாள் இவ்வளவு நாள்? ஊருக்கா, கம்பெனிக்கா, இல்லை எதிர்முனையில் இருக்கிறவர் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற தனக்குள் இருக்கிற ஏதோ ஒன்றுக்கா... ராஜினாமா எழுதவேண்டும், சங்கத்தில் எழுந்து நின்று சொல்லவேண்டும், முதலில் அப்பாவிடம் சொல்லவேண்டும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் அவரிடம்.

நாலு மணிக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. “வேம்பு, அப்பாம்மா. வேற ஒருத்தரு போனு, சீக்கிரம் பேசிடுறேன்.” கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள், எழுபது பேரை, சாயங்காலம் விட்டுவிடுவார்களாம், எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார்களாம், முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மிஷின் நின்ற செய்தி அவருக்கு வந்துவிட்டது, குரலில் ஒரு துள்ளல். வேம்பு இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்தாள், அப்பா, ஒரு விஷயம் என்றாள், அவர் காதில் அது விழவில்லை, மண்டபத்தில் ஒரே இரைச்சல், அவர் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். “அந்தக் கம்பெனிக்கார ஆபீசரு என்ன சொல்றான் தெரியுமா, உம் பொண்ணுதான்யா போன்ல சம்மதம்னு சொல்லிச்சுங்குறான். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். சட்டையப் புடிச்சிட்டேன். எம் பொண்ணப் பத்திப் பொய்யா சொல்றன்னு ஒரு அறை. அதுக்குத்தான் என்னைய மட்டும் மண்டபத்து ஓரத்துல தனியா உக்கார வச்சிருக்கானுவோ, கேசு போடுவாங்களாம், போட்டுக்கிட்டும். பொய்தானேம்மா அது?”

எத்தனை வருஷமாக அவர் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து வருகிற பதில் ஆமாம்ப்பா, சரிப்பா. இப்போதும் அதுதான் நாக்கின் நுனியில் வந்து நின்றது, ஆமாம்ப்பா பொய்தான் என்றால் முடிந்துவிடும். அதை விழுங்கினாள், சற்றுமுன் சரகோசாவுக்குச் சொன்ன ‘நோ’வை இங்கேயும் சொல்ல முடியும், ஒரு சொல்தான், சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். “இல்லப்பா” என்றாள். பொய் இல்லை அப்பா, என்று அடுத்த சொல்லுக்கு உதட்டைக் குவிப்பதற்குள் அவர் குரல் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. “அதானே! நீ சொல்லியிருக்கவே மாட்டன்னு எனக்குத் தெரியாதா. நான்தான் சொன்னேனே இவனுவகிட்ட, எம் பொண்ணு இல்லங்குது பாருங்கய்யான்னு...” யாரிடமோ திரும்பிச் சொன்னார், அங்கே நாலைந்து குரல்கள் ஆமோதித்தன, போன்காரர் கேட்டிருப்பார்போல, வச்சிடுறேம்மா என்று வைத்துவிட்டார்.

எண் திரையில் இருந்தது. தொட்டால் போகும். அவள் சொன்னது என்ன, அவர் கேட்டது என்ன, இந்தத் தடவை மழை இல்லை, வேற்று மொழி இல்லை, சொந்த அப்பா, சொந்தத் தமிழ், ‘இல்ல’ என்கிற மூன்றே எழுத்துச் சொல்... உடனே கூப்பிட்டு இல்லப்பா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க என்று சொல்ல வேண்டியதுதானே, கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது. நின்றே இருந்தது. ஏன் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் போனை வைத்த அந்தக் கணத்தில் தன் நெஞ்சுக்குள் ஒரு மூச்சு லேசாகக் கீழே இறங்கியதை அப்போதுதான் கவனித்தாள், அப்பாடா என்று, பேச்சு முடிந்தது என்று. அந்த மூச்சு அவளுக்குப் புதியதில்லை. செப்டம்பர் பதினான்காம் தேதி, மழையில், நியெவெஸ் பெர்ஃபெக்தோ என்று சொல்லி போனை வைத்தபோதும் இதேதான் இறங்கியது, இதே இடத்தில், இதே மாதிரி... அன்று அந்தச் சொல்லின் தலையை மழைதான் தின்றதா?